மின் ஒப்பந்ததாரருக்கு உரிமம் தருவது யார்? – வாசகர் கேள்வி–பதில்

வீடு கட்டுவோரிடமிருந்தும் மின்பணி செய்வோரிடமிருந்தும் ஒரே பொருளைச் சுற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் மின் ஒப்பந்ததாரர் உரிமத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நகராட்சி எல்லைக்குள் வீடு கட்டி வருகிறோம். மின்பணியை ஒருவரிடம் மொத்த ஒப்பந்தமாக விட்டிருக்கிறோம். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு, நகராட்சி கொடுத்த தொழில் உரிமத்தையும் தொழில் வரி கட்டிய ரசீதையும் காட்டி, "லோக்கல் பாடி கொடுத்தால் போதும் சார்" என்கிறார். இது போதுமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: போதாது. அவர் காட்டியவை பொய்யான ஆவணங்கள் அல்ல. ஆனால் நீங்கள் கேட்டது வேறு, அவர் காட்டியது வேறு. தொழில் உரிமம் என்பது இன்ன முகவரியில் இன்ன தொழிலை நடத்திக்கொள்ளலாம் என்று உள்ளாட்சி அமைப்பு தரும் அனுமதி. தொழில் வரி ரசீது, அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டிய வரியை அவர் கட்டிவிட்டார் என்பதற்குச் சான்று. ஜிஎஸ்டி பதிவையும், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழையும்கூடச் சிலர் இதே தைரியத்தில் எடுத்து நீட்டுவதுண்டு. சுவருக்குள் கம்பி இழுக்கும் தகுதி அவருக்கு இருக்கிறது என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் அதிகாரம் மாநில அரசுடையது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதியாக இருந்த ஒரு நிபந்தனை, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010இலும் பின்னர் 2023இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் தொடர்கிறது. புதிய பணியானாலும், ஏற்கெனவே உள்ளதில் செய்யும் கூடுதல், மாற்றம், பழுதுபார்ப்பு ஆகியவையானாலும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் பொறுப்பேற்க, தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகக் கண்காணிக்க, அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதிச் சான்று உள்ள பணியாளரே அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், பணியாளர் ஆகிய மூவருக்கும் மூன்று தனித்தனி ஆவணங்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த நிபந்தனையை மீறிச் செய்த பணிக்கு மின் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும் சான்றிதழ்களையும் தருவது, சென்னை கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். 'வாரியம்' என்றதும் மின்கட்டணம் கட்டும் இடத்தை நினைத்துக்கொண்டு அங்கே போய் விசாரித்து வெறுங்கையோடு திரும்புவோர் உண்டு. இது வேறு, அது வேறு. மின்சாரத்தை விற்கும் நிறுவனம், அந்த மின்சாரத்துக்கு வயரிங் செய்பவருக்கு உரிமம் தருவதில்லை. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கேரளத்தின் திருச்சூர். அங்கே பழைய நகராட்சிப் பகுதியில் மின்விநியோகத்தையே மாநகராட்சிதான் நடத்துகிறது. ஆனாலும் அந்த ஊர் ஒப்பந்ததாரருக்கு உரிமம் தருவது மாநில அளவிலான உரிம வாரியமே தவிர, மாநகராட்சி அன்று.

உங்கள் குழப்பம் இயல்பானதுதான். கட்டட வரைபடம் போட்டுத்தரும் பொறியாளரை உள்ளாட்சி அமைப்பு பதிவு செய்கிறது. கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு என்று வீடு கட்டுபவர் ஏறி இறங்கும் படிகளில் பாதிக்கு மேல் நகராட்சியினுடையவை. அந்த வரிசையில் மின்பணியும் இருக்கும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உரிம எண், தரம், செல்லுபடியாகும் கடைசி நாள் ஆகியவற்றைப் பாருங்கள்; உரிமத்தில் உள்ள பெயரும் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அண்ணன் பெயரில் உரிமம், தம்பி பெயரில் பில் என்றால் அந்த உரிமம் உங்கள் வேலைக்கு உரியதாகாது. உங்கள் ஆளிடம் பணியாளர் சான்றிதழ் மட்டுமே இருந்தால் அவரைத் துரத்த வேண்டியதில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரின் கீழ் அவர் முறையாகப் பணியாற்றலாம். அந்த ஏற்பாட்டைப் பூச்சு வேலை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். பைப்புகளை மூடிப் பூசியபின் வரும் மேற்பார்வையாளருக்கு மேற்பார்வையிட எதுவும் மிச்சமிருக்காது.

கேள்வி: மின்விசிறி மாற்றுவதற்கும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைத்தான் அழைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டியதில்லை. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபயோகக் கருவிகள் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் ஏசிக்குப் புதிதாக ஒரு லைன் இழுப்பது இந்த விலக்கில் வராது. விளக்குக்கென்று போட்ட மெல்லிய கம்பியில் ஏசியையோ கீசரையோ மாட்டி, அடிக்கடி விழுகிறதே என்று எம்சிபியை மட்டும் பெரியதாக மாற்றிக்கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழுந்து (அணைந்து) கம்பியைக் காப்பதற்குத்தான் எம்சிபி. அதைப் பெரிதாக்கினால் அது விழாமல் இருக்கும், கம்பி வேகும்.

கேள்வி: பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வயரிங் வேலைக்கு வந்தவன் நான். பல வீடுகள், சில பின்னலாடை யூனிட்டுகள் செய்திருக்கிறேன்; இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. மாநகராட்சியில் தெருவிளக்கு வேலைக்குப் பதிவு செய்யலாம் என்று போனால் திருப்பி அனுப்புகிறார்கள். வேலை தெரிந்தவனுக்குக் காகிதம் எதற்கு?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐடிஐ சான்றிதழை வைத்துக்கொண்டு எர்த் கம்பியை எங்கே முடிப்பது என்று தெரியாதவர்களும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டாலும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டைத் திறந்த மாத்திரத்தில் எந்த லைனில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக்காரருக்கு இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவருக்காகத்தான் அந்தக் காகிதம்.

பள்ளிச் சான்றிதழை மட்டுமே வாசலாக வைக்காத வழியும் இருக்கிறது. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்ற ஒன்றைத் தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாக நடத்துகிறது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் அதற்கான அடிப்படைத் தகுதிகள். அறிவிப்பு வரும்போது மாவட்ட நிர்வாகம் செய்திக்குறிப்பு வெளியிடும். உங்கள் ஊர் அரசு ஐடிஐயில் கேட்டால் அடுத்த தேர்வு எப்போது என்று சொல்வார்கள். அனுபவச் சான்று கேட்பார்கள் என்பதால், நீங்கள் வேலை செய்துவரும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் இப்போதே அதைப் பெற முயலுங்கள். இத்தனை ஆண்டுகள் பலரிடம் கைமாறி வேலை செய்தவருக்கு இந்த ஒரு காகிதத்தைச் சேர்ப்பதுதான் தேர்வைவிடக் கடினமாக இருக்கிறது என்பதே எங்களுக்கு வரும் பல கடிதங்களின் சாரம். தேர்வை நடத்தும் துறை கருத்தில் கொள்ள வேண்டிய குறை இது.

மாநகராட்சிப் பதிவு தனி விவகாரம். உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் தெருவிளக்கு, நீரேற்று மோட்டார், அலுவலகக் கட்டட மின்பணிகளுக்காக ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்துகொள்கின்றன. அது டெண்டரில் கலந்துகொள்வதற்கான பட்டியல். அந்தப் பட்டியலில் சேருவதற்கே மாநில வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டும். மேலே சொன்ன உதவியாளர் தேர்வில் தேறிச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் நீங்கள் சட்டப்படி வேலை செய்யலாமே தவிர, ஒப்பந்ததாரர் ஆகிவிட முடியாது. ஒப்பந்ததாரர் உரிமத்துக்குச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரையும் பணியாளர்களையும் பணியில் வைத்திருப்பதோடு, மெகர் (கம்பி உறையின் காப்பை அளப்பது), எர்த் டெஸ்டர் (எர்த்தை அளப்பது) போன்ற சோதனைக் கருவிகளையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். படிப்படியாகப் போக வேண்டிய பாதை இது; முதல் படி அந்த உதவியாளர் தேர்வுதான்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் பொது மின்பகுதியையும் சில வீடுகளின் வயரிங்கையும் மாற்றுகிறோம். வேலை செய்பவருக்கு உரிமம் கிடையாது. "லைசென்ஸ்காரரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன், அதற்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று சங்க உறுப்பினர்கள் சொல்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், சென்னை, வேளச்சேரி

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. பல இடங்களில் இப்படி நடக்கிறது என்பதும் உண்மைதான். பார்க்காத வேலைக்குப் போடும் கையெழுத்துக்கு ஒரு விலை நிர்ணயமாகியிருக்கிறது என்பது இந்தத் தொழிலில் உள்ள யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. அந்தப் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்க வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

ஒப்பந்ததாரர் கையெழுத்திடும் சோதனை அறிக்கையில் காப்புத்தடை என்று, அதாவது கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவுக்கு, ஓர் இடம் இருக்கும். அதை நிரப்ப வேண்டுமானால் அவர் மெகரை எடுத்துக்கொண்டு வந்து, மெயினை அணைத்து, டிவி, பிரிட்ஜ், எல்இடி விளக்குகள் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, மெகரின் ஒரு முனையை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, 500 வோல்ட் டிசி அழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். முள் 1 மெகாஓமுக்குக் கீழே நின்றால் அந்த லைனுக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது. புதிதாக இழுத்த நல்ல கம்பியில் இந்த அளவு அதைவிடப் பல மடங்கு இருக்கும். அது 2, 3 என்று காட்டினாலே அனுபவசாலிகள் புருவத்தைச் சுருக்குவார்கள். பைப்பின் வளைவில் இழுக்கும்போது தோல் உரிந்த கம்பி, மழை ஊறிய மொட்டைமாடிச் சந்திப்புப் பெட்டி, டேப் சுற்றாமல் விட்ட இணைப்பு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, மெகருக்குத் தெரியும்.

அடுத்தது ஸ்விட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்பது. ஃபேஸுக்குப் பதிலாக, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலில் ஸ்விட்சைப் போட்டிருந்தாலும் விளக்கு எரியும், அணையும். எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டோமே என்று நம்பி பல்பு மாற்ற ஏறியவருக்குத்தான் அது தெரியவரும்.

மூன்றாவது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் கருவி ஒன்று இருந்தும், வீட்டில் எங்கோ ஒரு சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் யாராவது சேர்த்து முறுக்கியிருந்தால் அது ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். முறையாகப் பயின்றவர் அந்தச் சாக்கெட்டைத் தேடிக் கண்டுபிடிப்பார். மற்றவர் ஆர்சிசிபியை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்து, "இனி ட்ரிப் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது உண்மை. இனி எதற்கும் அது விழாது, ஆள் மீது மின்சாரம் பாய்ந்தாலும் விழாது. அந்தக் கருவியின் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழ வேண்டும், அதோடு அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் அற்றுப்போக வேண்டும். பொத்தானை அழுத்தியபின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்த விளக்குக்கு ஆர்சிசிபியின் காவல் இல்லை என்று பொருள்.

ஆகவே, கையெழுத்துக்குத் தரும் பணத்தை அந்த உரிமக்காரர் நேரில் வந்து சோதிப்பதற்கான கட்டணமாக மாற்றிப் பேசுங்கள். அவர் வரும் நாளில் நீங்கள் உடன் இருந்து, அளவுகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வர மறுப்பவரின் கையெழுத்து வேண்டாம். கட்டடத்தின் உயரம் 15 மீட்டருக்கு மேல் என்றால், பல மாடிக் கட்டடங்களுக்கான தனி விதிகளின்படி மின் ஆய்வாளரின் ஒப்புதலும் தேவைப்படும். பொதுப் பகுதியில் கைவைக்கும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் சிகாகோவில் இருக்கிறான். அங்கே எலக்ட்ரீஷியனுக்கு உரிமம் தருவது நகர நிர்வாகம்தானாம். நம் ஊரிலும் நகராட்சியே உரிமம் கொடுத்தால் கிண்டிக்கு அலைய வேண்டாமே? உள்ளூர்க்காரர்களுக்குத்தானே யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரியும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. அமெரிக்காவில் இதற்கு நாடு தழுவிய ஒரே முறை கிடையாது. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநில அரசு உரிமம் தருகிறது. இல்லினாய், நியூயார்க், பென்சில்வேனியா போன்றவற்றில் மாநில அளவில் எலக்ட்ரீஷியன் உரிமம் என்று ஒன்று இல்லாததால், சிகாகோ, நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்கள் தாங்களே உரிமம் வழங்குகின்றன. நியூயார்க் நகரக் கட்டடத் துறையிடம் மாஸ்டர் எலக்ட்ரீஷியன் உரிமம் கேட்பவர், கடைசி 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 7½ ஆண்டுகள் இந்தத் தொழிலில் பணியாற்றியிருக்க வேண்டும். (ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம், இது அனுபவக் கணக்குத்தான்.) சிகாகோவிலோ விதியே வேறு முகம் காட்டுகிறது: பல அமெரிக்க ஊர்களில் பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளை மரச்சட்டங்களுக்கிடையே அப்படியே ஓட்டிவிடுவார்கள், சிகாகோவில் வீட்டு வயரிங்குக்கும் உலோகக் குழாய் வேண்டும். 1897இல் முதலில் வெளியாகி, இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் தேசிய மின் நெறிமுறை அங்கே உண்டு என்றாலும், அதை எந்தப் பதிப்பில், எந்தத் திருத்தங்களோடு ஏற்பது என்பதை மாநிலமோ நகரமோ முடிவு செய்கிறது.

இதில் தொல்லையும் உண்டு. ஒரு நகரத்தின் உரிமம் அடுத்த நகரத்தின் எல்லையில் செல்லாமல் போகலாம். மேலூரில் வேலை செய்ய ஒன்று, திருமங்கலத்துக்கு இன்னொன்று, மதுரை மாநகருக்கு வேறொன்று என்று ஒரு கம்பியாளர் வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிண்டிக்கு ஒருமுறை போவதே மேல் என்பார். உள்ளூர்க்காரர்களுக்கு ஆளைத் தெரியும் என்பது உண்மைதான். ஆளைத் தெரிவதால் வேண்டியவர், வேண்டாதவர் என்பதும் உள்ளூரில்தான் அதிகம்.

எனினும் அமெரிக்க முறையில் நாம் பொறாமைப்பட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அது உரிமத்தில் இல்லை. அங்கே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் குறிப்பிடத்தக்க வேலை ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தபின், கம்பிகள் இழுத்துச் சுவரை மூடுவதற்கு முன் ஒருமுறையும், எல்லாம் முடிந்தபின் ஒருமுறையும் ஆய்வாளர் வந்து பார்ப்பது வழக்கம். சுவரை மூடிவிட்டால் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. இங்கிலாந்து இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அங்கே எலக்ட்ரீஷியனுக்கு அரசு உரிமமே கிடையாது. ஆனால் 2005 ஜனவரியிலிருந்து வீட்டு மின்பணி கட்டட விதிகளின் கீழ் வந்துவிட்டது. புதிய லைன் போடுவது, மெயின் போர்டை மாற்றுவது, குளியலறையில் குளியல் தொட்டியையும் ஷவரையும் ஒட்டிய பகுதியில் செய்யும் வேலை ஆகியவற்றை, தானே சான்றளிக்கும் தகுதி பெற்ற பதிவுபெற்ற பணியாளர் செய்ய வேண்டும். இல்லையென்றால் உள்ளாட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நம் ஊரில் சாதாரண வீட்டு வயரிங்கை, பூசி மூடும் முன் அரசுத் தரப்பில் யாரும் வந்து பார்ப்பதில்லை. இணைப்புக் கொடுக்க வருபவர் மீட்டர் பலகையையும் எர்த்தையும் பார்ப்பார்; சுவருக்குள் இருப்பதற்கு ஒப்பந்ததாரரின் கையெழுத்தே சாட்சி. உரிமம் மாநிலத்திடமே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் வரைபடத்தை மீறிக் கட்டப்படுகிறதா என்று கட்டுமானத்தின் நடுவில் வந்து பார்க்கும் அதிகாரம் உள்ள உள்ளாட்சி அமைப்பு, தகுதிபெற்ற மின்பொறியாளர் ஒருவரை வைத்து, பூச்சுக்கு முன்னால் வயரிங்கையும் பார்க்குமானால், விலைக்கு வாங்கும் கையெழுத்துகளில் பெரும்பகுதி தானாகவே நின்றுபோகும். இதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். தெருவிளக்கைப் பார்க்கவே மின்பிரிவில் ஆள் போதாத நகராட்சிகளிடம் இதை இன்றே எதிர்பார்க்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கேள்வி: வேலை முடிந்த சில வாரங்களில் இரண்டு சாக்கெட்டுகள் கருகின. ஒப்பந்ததாரர் தொலைபேசியை எடுப்பதில்லை. நகலைப் பார்த்தால், எங்கள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய உரிமம் காலாவதியாகியிருக்கிறது. பேரூராட்சியில் புகார் கொடுத்தால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். யாரிடம் போவது?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: பேரூராட்சி சொன்னது சரிதான். உரிமம் தொடர்பான புகாரை உரிம எண், நகல், பணம் கொடுத்த சான்று, படங்கள் ஆகியவற்றுடன் மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். உரிமம் புதுப்பிக்கப்பட்டதா என்பதை வாரியத்தின் ஏடுகளே சொல்லும். இடையில் புதுப்பித்துவிட்டு உங்களிடம் பழைய நகலைக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், கடிதத்தில் குற்றம் சாட்டாமல் கேள்வியாகவே எழுதுங்கள். பணத்தைத் திரும்பப் பெறவும் இழப்பீடு கோரவும் வழி வேறு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம், சேவைக்காகச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். யாருக்காவது மின்விபத்தினால் காயமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால் அது மின்சாரச் சட்டத்தின் 161ஆவது பிரிவின் கீழ் மின் ஆய்வாளரின் விசாரணைக்கு உரியது. உங்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை என்று கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், அந்த இரண்டு லைன்களின் எம்சிபிகளையும் இன்றே அணைத்துவிடுங்கள். வேறோர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அழைத்துச் சோதிக்கச் செய்து, கண்ட குறைகளைத் தேதியிட்டு எழுத்தில் வாங்குங்கள். கருகிய சாக்கெட்டுகளைப் பழுதுபார்க்கும்போது அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாமல், கம்பியின் கருகிய நுனியோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். திருகு இறுக்காததால் கருகியதா, கம்பியின் கனம் போதாமல் கருகியதா என்று ஆணையத்தில் கேட்கும்போது காட்டுவதற்கு வேறு சான்று இருக்காது.